படத்துப் பெண்ணின் பெயர் என்ன?

பண்டிகை நாளொன்றில் ஈஜிபுராவின் தெருக்களில் நடந்து செல்பவர்க்கு ஓர் உண்மை எளிதில் புலப்படும். கொசுவத்தைப் பின்புறம் அமைத்துச் சேலை உடுத்திய பெண்மணியைக் கண்டால், குடகு நாட்டவர் என்பதனைக் கேளாமலே அறிந்துகொள்கிறோம். மடிசார் கட்டிய மூதாட்டியைக் கண்டால் அவர் எக்குலத்தவர் என்பது விளங்கிவிடுகிறது. கண்டாங்கி உடுத்திய கிழவியின் நாட்டையும் ஒருவாறு ஊகிக்கலாம். இன்றைய இளம்பெண்கள் அனைவரும் ஒரே சாயலில் உடுத்தி வேலைக்கும் கல்லூரிக்கும் விரைகின்றனர். அவர்தம் பாட்டிமாரோ, உடுத்திய முறையாலேயே ஊரையும் குலத்தையும் மணநிலையையும் உலகிற்கு அறிவித்துக்கொண்டு வாழ்ந்தனர். ஆயினும் ஒன்றை மறத்தல் கூடாது. ஆடை இனத்தைச் சொல்லுமே அன்றி ஆளைச் சொல்லாது. ஆளைச் சொல்வது பெயர். ஆடையும் பெயரும் ஒன்றையொன்று பிரிந்தால் ஒரு பெண்ணுக்கு என்ன நேரும் என்பதனைச் சில பழைய படங்களைக் கொண்டு பார்ப்போம். முதலில் மேல்நாட்டிற்குச் செல்வோம். பின்னர் நமக்கு அண்மையிலுள்ள மைசூருக்கு வருவோம்.

ஒளிப்படக் கருவி தோன்றுவதற்கு முன்னர், ஐரோப்பாவில் ஒருவரது முகத்தை ஊரார் அறியும்படி செய்த பொருள் செப்புத் தகடு. வண்ண ஓவியம் விலை மிகுந்தது. மாளிகைச் சுவரை விட்டு அகலாதது. செப்புத் தகட்டிலோ கூரிய சிற்றுளியால் கோடுகளைக் கீறி, கீறலில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை அதன்மேல் பரப்பி, இரண்டு உருளைகளுக்கு இடையே செலுத்தி எடுத்தால், ஒரே முகம் நூற்றுக்கணக்கான தாள்களில் பதிந்துவிடும். கடைத்தெருவில் அவற்றை விலைக்கு விற்றனர். முகத்தைச் சுற்றி நீள்வட்டச் சட்டம். சட்டத்தில் பெயரும் வயதும் ஆண்டும். அடியில் இரண்டு மூன்று வரிகளில் குலப்பெருமை. இவ்வாறு அமைந்தவையே அக்காலத்து உருவப் பதிப்புகள்.

வண்ணம் என்பது இக்கலையில் இல்லை. பட்டும், வெல்வெட்டும், மென்மயிர்த் தோலும், லேசும் யாவும் கறுப்புக் கோட்டினாலேயே வேறுபட்டுத் தோன்றல் வேண்டும். ஆதலின் முகத்திற்குச் சில புள்ளிகளும் வளைவுகளும் போதுமென்று விட்ட செதுக்குநன், கழுத்தைச் சுற்றிய லேசுப் பட்டியின் ஒவ்வொரு கண்ணியையும் கணக்குப் பிசகாமல் கீறுவான். இப்படங்களைக் காணும்தோறும் எனக்குத் தோன்றுவது இது: அங்கே அமர்ந்திருப்பது பெண் அன்று, ஆடை அமர்ந்திருக்கிறது, பெண் அதனைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள்.

இன்னுமொரு விந்தை. தகட்டில் கீறியது தாளில் பதியும்போது இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும். தேர்ந்த செதுக்குநன் முன்னதாகவே திருப்பி வரைந்துகொள்வான். மற்றவன் அவ்வாறே விட்டுவிடுவான். இது சிறு பிழைதானே என்று கருதற்க. மடிசாரில் ஐயர் வீட்டுப் பெண்டிர் முன்றானையை வலத்தோளிலும், ஐயங்கார் வீட்டுப் பெண்டிர் இடத்தோளிலும் இடுவது வழக்கம். அத்தகைய பெண்ணொருத்தியைத் திருப்பி வரையாமல் செப்பில் கீறினால், அச்சிட்டு முடிவதற்குள் அவள் சைவத்திலிருந்து வைணவத்திற்கு மாறிவிடுவாள்! கைப்பேசியில் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்ளும் நம் வீட்டுப் பெண்களும், சில சமயங்களில் முன்றானை தோள் மாறிக் கிடப்பதைக் கண்டு வியந்திருப்பர்.

ஆடைக்கு இத்துணைக் கருத்துச் செலுத்தியதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் யார் எதனை உடுத்தலாம் என்பது அரசாணையாகவே இருந்தது. முதலாம் எலிசபெத் அரசியார் 1574ஆம் ஆண்டில் விடுத்த ஆணை, பொன்னிழைத் துணி இன்ன நிலையினர்க்கு, வெல்வெட்டு இன்ன நிலையினர்க்கு எனப் பிரித்துக் கூறியது. இவ்வாடைச் சட்டங்கள் 1604ஆம் ஆண்டில்தான் நீக்கப்பெற்றன. அவ்வரசியார் தம் உருவத்தையும் காவலில் வைத்திருந்தார். அழகற்ற அரசி படங்களைத் தேடி அழிக்குமாறு 1596ஆம் ஆண்டில் அரசவை ஆணையிட்டது. நகைப்பதற்கு முன் நம் நாட்டை நினைத்தல் நன்று. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணிவதற்கு நெடுங்காலம் போராடினர். தோள்சீலைப் போராட்டம் என்று வழங்கும் அது 1859ஆம் ஆண்டின் அரசாணையோடு ஒருவாறு அடங்கியது. அவ்வாணையும் மேனியை மறைக்க இசைந்ததேயன்றி, உயர்குலத்துப் பெண்களைப் போலவே உடுத்தக் கூடாது என்ற தடையை விட்டுவிடவில்லை. குமரி நாட்டிலிருந்து பெங்களூர் வந்து குடியேறிய அன்பர்களுக்கு இவ்வரலாற்றை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பெயரை அறவே நீக்கி, ஆடையை மட்டுமே படமாக்கியவர் ஒருவர் உண்டு. பிராகு நகரில் 1607ஆம் ஆண்டில் பிறந்து இலண்டனில் குடியேறிய வென்சஸ்லாஸ் ஹாலர் என்பவர் அவர். ஆங்கிலப் பெண்டிரின் உடைகளை 26 தகடுகளில் அமைத்து 1640ஆம் ஆண்டில் வெளியிட்டார். சீமாட்டி, வணிகர் மனைவி, பணிப்பெண் ஆகிய யாவரும் அதில் நிற்கின்றனர். ஒருத்திக்கும் பெயர் இல்லை. பெண்ணே இல்லாமல், மென்மயிரால் ஆன கையுறைப் பைகளை மட்டும் அவர் தனியே செதுக்கியதும் உண்டு. மயிர் ஒவ்வொன்றும் எண்ணத்தக்கதாய் விளங்கும் அப்படத்தின் அழகை மறுப்பார் இலர். கை வேண்டாதவை அப்பைகள்.

இனி, பெயரும் உள்ள ஒரு படத்தைக் காண்போம். அமெரிக்காவின் வர்ஜீனியாக் கடற்கரையில் வாழ்ந்த பழங்குடித் தலைவர் பௌஹாட்டன் என்பவரின் மகளை உலகம் பொகாஹொன்டாஸ் என்று அறியும். அது செல்லப்பெயர், மட்டோக்கா என்பது அவளுடைய மற்றொரு பெயர். குடியேறிய ஆங்கிலேயர் 1613ஆம் ஆண்டில் அவளைச் சிறைப்பிடித்தனர். சிறையிருந்த காலத்தில் கிறித்தவ சமயம் தழுவி ரெபெக்கா ஆனாள். 1614ஆம் ஆண்டில் புகையிலை பயிரிட்டு வந்த ஜான் ரால்ஃப் என்பாரை மணந்தாள். வர்ஜீனியாக் கம்பெனியார்க்குப் பணமும் குடிகளும் தேவைப்பட்டன. காட்டுப்பெண் ஒருத்தி சீமாட்டி ஆகிவிட்டாள் என்று காட்டினால் இரண்டும் கிடைக்கும் என எண்ணி, 1616ஆம் ஆண்டில் அவளைக் கைக்குழந்தையோடு இலண்டனுக்கு அழைத்து வந்தனர். அங்கேதான் சைமன் வான் டி பாஸ் என்ற இளைஞர் அவளுடைய உருவத்தைச் செம்பில் கீறினார். எலிசபெத் அரசியின் உருவத்தைச் செதுக்கிய கிரிஸ்பின் வான் டி பாஸின் மைந்தர் இவர்.

அவளை நேரில் கண்டு எழுதிய படமாக இன்று அறியப்படுவது இது ஒன்றே. தலையில் உயர்ந்த தொப்பி. கழுத்தின் பின்னே விசிறிபோல் எழுந்து நிற்கும் லேசுப் பட்டி. மார்பை முற்றும் மூடிய பூவேலை அங்கி. கையில் தீக்கோழி இறகு விசிறி. உயர்குலத்து ஆங்கில மாதின் கோலம் அது. ஆனால் தொப்பிக்குக் கீழே உள்ள முகம் அக்கோலத்திற்கு இணங்கி வரவில்லை. உயர்ந்த கன்ன எலும்பும், இறுகிய வாயும், யாரிடமும் எதுவும் வேண்டாத பார்வையும் உடைய 21 வயதுப் பெண்ணை அங்கே காண்கிறோம். செதுக்குநர் அவளை அழகுபடுத்த முயலவில்லை. அதற்காக அவருக்கு நாம் நன்றி செலுத்தல் வேண்டும்.

படத்தைச் சுற்றியும் கீழும் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். மட்டோக்கா என்ற பெயரும், ரெபெக்கா என்ற பெயரும், வர்ஜீனியாவின் பேரரசர் மகள் என்பதும், கிறித்தவ சமயம் சார்ந்தவள் என்பதும், ரால்ஃபின் மனைவி என்பதும் அங்கே வரிசையாக உள்ளன. ஒருத்தியை அடையாளம் காட்ட இத்துணைச் சொற்கள் ஏன் வேண்டியிருந்தன? உடுத்திய ஆடை அவளுடையதன்று. அது கூறாததை எழுத்துக் கூற வேண்டியிருந்தது. அப்படியும் இலண்டன் மாந்தர் முற்றும் ஏற்றாரில்லை. ஜான் சேம்பர்லின் என்பார் 1617ஆம் ஆண்டில் இப்படத்தின் படியொன்றை நண்பருக்கு அனுப்பி, இவள் அழகியும் அல்லள், அலங்காரத்தையும் பட்டங்களையும் கண்டு பெரிய இடத்தவள் என மயங்கலாம் என்ற கருத்தில் ஏளனமாக எழுதினார். அடுத்த மாதமே, தாயகம் திரும்பும் வழியில், கிரேவ்ஸெண்டு என்னும் ஆற்றுத்துறை நகரில் அவள் இறந்தாள். பின்னர் ஓர் ஓவியர் இப்பதிப்பைப் பார்த்து வண்ணத்தில் எழுதியபோது முகத்தையும் வெளுப்பாக்கினார். முதலில் ஆடை மாறிற்று. பின்னர் மேனியும் மாறிற்று.

நம் நாட்டுப் பெண்களும் இதே செப்புத் தகட்டில் ஏறியவர்களே. புதுச்சேரியில் தங்கிச் சுற்றிப் பார்த்த பிரெஞ்சுக்காரர் சொன்னெரா, 1782ஆம் ஆண்டில் பாரிஸில் வெளியிட்ட பயண நூலில் தென்னாட்டு மக்களின் தொழிலையும் உடையையும் காட்டும் செதுக்குப் படங்கள் நிறைய உள்ளன. அதற்குச் சற்றுப் பின்னர் தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி அதிகாரிகளுக்காகக் கணவனும் மனைவியுமாக ஒவ்வொரு குலத்தையும் தாளில் தீட்டினர். குயவர், குயத்தி, வண்ணார், வண்ணாத்தி, சிப்பாய், அவன் மனைவி. சேலையின் கரை, மூக்குத்தியின் அமைப்பு, கையிற் பிடித்த கருவி யாவும் பழுதின்றி அமைந்திருக்கும். பெயர் என்று ஒன்று இராது. மைசூர் ஜகன்மோகன அரண்மனைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள் அங்கே இரவிவர்மா எழுதிய இசைக்குழு ஓவியத்தைக் கண்டிருப்பீர்கள். பாரதத்தின் பல பகுதிப் பெண்கள் பதினொருவர் தத்தம் உடையில் வீற்றிருக்கின்றனர். இவள் மலையாளத்தாள், இவள் மராத்தி, இவள் முகமதியப் பெண் என்று விரல் நீட்டிச் சொல்லலாம். அதற்குமேல் அவர்களைப் பற்றி அப்படம் ஒன்றும் சொல்லாது.

ஆனால் மைசூரில் எழுதப்பெற்ற வேறொரு படத்திலோ, பெயருடைய பெண்களே பெயர் இழந்து நின்றனர். அதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

தாமஸ் ஹிக்கி என்பவர் டப்ளின் நகரத்தில் 1741ஆம் ஆண்டில் பிறந்த ஓவியர். 1799ஆம் ஆண்டு மே மாதம் சீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு சுல்தான் இறந்த போரையடுத்து மைசூர்ப் பகுதியில் பல உருவங்களை எழுதினார். திவான் பூர்ணையாவின் உருவத்தை எழுதியவரும் இவரே. இறுதியில் 1824ஆம் ஆண்டில் சென்னையில் காலமானார். ஏறத்தாழ 1805ஆம் ஆண்டில் இவர் எழுதிய வண்ண ஓவியம் ஒன்றில் மூன்று பெண்கள் நிற்கின்றனர். பட்டுச் சேலையும் பொன்னணிகளும் மிளிர்கின்றன. வலப்புறத்து இளம்பெண் சேலையைத் தோளினின்றும் சற்றே விலக்கி, இடக்கையின் மேற்பகுதியை வெளிக்காட்டி, வலக்கையால் அவ்விடத்தைச் சுட்டுகிறாள். பெயர் இல்லை. பிற்காலத்தில் பார்த்தவர்கள், கூத்தாடும் பெண்கள் என்றே அவர்களைக் கொண்டனர். அக்கருத்து எழுந்ததற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. அந்தப்புரத்துப் பெண்டிர் அந்நியன் ஒருவன் எதிரில் நிற்பரோ? தோளைக் காட்டும் பெண் வேறு யாராக இருக்க முடியும்? இவ்வாறு எண்ணி, கேள்வியை அதனோடு முடித்துக்கொண்டனர்.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வரலாற்றறிஞர் நைஜல் சான்சலர் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் வேறொரு விடை தந்தார். இவர்கள் நடன மாதர் அல்லர், மைசூர் உடையார் குலத்து அரசியரே என்பது அவர் முடிவு. எவ்வாறு கண்டார்? பெரிதும் ஆடை அணிகளைக் கொண்டே! கனத்த பொற்கைவளைகளும் தலையணியும் மணமான அரசியர்க்கு உரியவை. இளையவள் தேவஜம்மணி, 1805ஆம் ஆண்டில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை மணந்து அரண்மனை புகுந்தவள். மணமகனும் மணமகளும் ஏறத்தாழ 12 வயதுக் குழந்தைகள். இடப்புறத்தில் நிற்பவள் அரசரின் முதல் மனைவி; அவள் பெயரும் தேவஜம்மணியே. நடுவில் நிற்பவர் அரசரின் பாட்டியார் லக்ஷ்மி அம்மணி என்பது அவர் கருத்து. ஐதர் அலி காலத்தில் உடையார் குலம் இழந்த ஆட்சியை மீட்க இடையறாது முயன்றவர் அம்மூதாட்டி. வைசூரி நோய்க்குக் கணவரைப் பறிகொடுத்தவரும் ஆவார்.

அந்நோயில்தான் படத்தின் பொருள் அடங்கியிருக்கிறது. எட்வர்டு ஜென்னர் 1796ஆம் ஆண்டில் பசு அம்மையின் நீரைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என மெய்ப்பித்தார். அம்முறை 1802ஆம் ஆண்டில் பம்பாய் வந்தடைந்தது. குளிர்ச்சாதனம் இல்லாத காலம். ஒருவர் கையில் குத்திக் கொப்புளம் எழுந்தபின், அதன் நீரை எடுத்து அடுத்தவர் கையில் குத்துவர். யார் உடல் நீரோ, எக்குலத்தவர் நீரோ என்று மக்கள் அஞ்சி ஒதுங்கினர். நம் நாட்டில் முன்னமே வேறொரு முறையும் இருந்தது. பெரியம்மைப் பொருக்கையே சிறிதளவு உடலிற் செலுத்தி, இலேசாக நோயை வருவித்துக் காப்பது அது. முதல் அரசியின் மூக்கையும் வாயையும் சுற்றி நிறம் வேறுபட்டிருப்பது அப்பழைய முறையின் சுவடு என்றும், இளைய அரசி சுட்டுவது புதிய முறையில் அம்மை குத்திய இடம் என்றும் சான்சலர் விளக்குகிறார். பழையதும் புதியதும் அருகருகே நிற்க, பாட்டியார் நடுவில் நின்று இசைவு தருகிறார். இளைய அரசி அம்மை குத்திக்கொண்டதனால் குடிமக்கள் முன்வந்தனர் என்னும் அரசவைக் குறிப்பும் 1806ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் காணப்படுகிறது.

இனி அப்படத்தை மீண்டும் எண்ணிப் பாருங்கள். வழக்கமாக இடத்தோளையும் கையையும் மூடியிருக்கும் சேலை இங்கே விலகியிருக்கிறது. விலகியதோ நான்கு விரற்கடை. அந்நான்கு விரற்கடைக்காக அரண்மனைச் சிறுமியொருத்தி தன் குல வழக்கத்தை விட்டுக்கொடுத்தாள். குடிகளின் குழந்தைகள் பிழைக்கட்டும் என்று காட்டிய தோளைக் கண்டே, பின்வந்தோர் அவளைக் கூத்தாடி என்றனர். கூத்தாடுதல் இழிவென்று நான் சொல்லவில்லை. அது அவள் தொழில் அன்று என்பதே சொல்ல வந்தது. மட்டோக்காவிற்குப் பெயர் இருந்தது, தன் உடை இல்லை. தேவஜம்மணிக்குத் தன் உடை இருந்தது, பெயர் இல்லை. அடியில் ஒரு வரி எழுதியிருந்தால் இத்துணை ஆண்டு மயக்கம் நேர்ந்திராது. இப்படம் 2007ஆம் ஆண்டில் சோத்பி நிறுவனத்தின் வழியே ஏலத்தில் விலை போயிற்று.

இவற்றை இத்திங்களிதழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம் தருமபுரியிலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் இந்நகருக்கு வந்த குடும்பங்கள் வாடகை வீடு மாறும்தோறும் தகரப் பெட்டியில் வைத்துச் சுமந்து வந்த பொருள்களுள் பழைய ஒளிப்படங்களும் உள. திருமணத்தின்போதோ, தலைப்பிள்ளை பிறந்தபோதோ, படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்தவை. ஆண்மக்கள் நாற்காலியில், பெண்டிர் பின்னே, கைகளை எங்கே வைப்பது என்று அறியாதவராய் நிற்பர். பின்பக்கத்தில் எழுதியிருந்தால், எழுதியிருப்பது ஆண்களின் பெயர். பெண்களுக்கு ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் தாயார்’ என்ற அளவே. ரால்ஃபின் மனைவி என்று செம்பில் கீறியவர்களை விட நாம் எவ்விதத்தில் மேலானோம்? அவர்களாவது மட்டோக்கா என்ற பெயரையும் சேர்த்து எழுதினார்கள்!

இப்படங்களில் உடையையும் நம்பிவிட முடியாது. அணிந்த சங்கிலி பக்கத்து வீட்டுக்காரியுடையதாக இருக்கலாம். பட்டுச்சேலை ஓரகத்தியிடம் இரவல் வாங்கியதாக இருக்கலாம். ரவிக்கையே அணியாமல் வாழ்ந்த பாட்டி படத்திற்காக ஒரு நாள் மட்டும் அணிந்ததும் உண்டு. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்துப் பார்க்கும் கொள்ளுப்பேத்தி, அச்சேலையைக் கொண்டு குடும்பத்தின் செல்வத்தையும் ஊரையும் கணக்கிடப் புகுந்தால் எங்கே போய் நிற்பாள்?

ஆகவே, விவரம் அறிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதுவது நலம். மைப்பேனா வேண்டா, மை ஊறி முகத்திற்கு வந்துவிடும். படத்தைக் கவிழ்த்து வைத்து, மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரமாக எழுதல் வேண்டும். அவளுடைய சொந்தப் பெயர், பிறந்த ஊர், எடுத்த ஆண்டு, இடம். உடையும் நகையும் யாருடையவை என்பதும். கண்பார்வை மங்கிய பாட்டியிடம் படத்தைக் கொடுத்து ‘இது யார்?’ என்று கேட்டால் உடனே விடை வாராது. முகம் அவருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. விரலால் சேலைக் கரையைத் தடவிப் பார்த்து, ‘இது தங்கவயலில் எடுத்ததடி; இந்தக் கரைச் சேலை என் நாத்தனாருடையது. எனக்குக் கொடுத்துவிட்டு அன்று அவள் பழஞ்சேலையோடு அடுக்களையிலேயே இருந்துவிட்டாள்’ என்று தொடங்குவார். படத்தில் இல்லாத அந்த நாத்தனாரின் பெயரையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.